ஒரு முழம்

டிரைடனுக்கு வடக்கே சாலை முடிகிற இடத்தில்
ட்ரக்கை நிறுத்திவிட்டு
முழங்கால் சேற்றில் நடக்கிறோம்.
பிரிசம் பூட்டிய கம்பு என் தோளில்.
கருவியும் முக்காலியும் டார்லீன் கோப்பனேஸின் முதுகில்.
கறுப்பு ஈக்கள் இருவரிடமும்
பேதம் பார்க்காமல் குடிக்கின்றன.

தேடுவது ஓர் இரும்பு முளை.
நூற்று முப்பது வருடங்களுக்கு முன்
யாரோ ஒரு துரை அடித்துவிட்டுப் போனது.
முளைக்குத் தெற்கே அவளுடைய சனங்களின் நிலம்.
வடக்கே முடிக்குரிய காடு,
மரக் கம்பனி ஒன்று குத்தகைக்குக் கேட்கிறது.
துரையின் குறிப்பேட்டில் இந்த இடத்துக்கு
சாய்ந்த எழுத்தில் ஒரே வரி:
'சதுப்பு. குடியிருப்பு எதுவும் இல்லை.'

பாசி மூடிய கல்லடுக்கு ஒன்றைத் தட்டிக் காட்டி
"இது அடுப்பு" என்றாள் டார்லீன்.
"நீ நிற்கிறது வாசல்."
காலை எடுத்தேன்.
எடுத்ததை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"உன் ஆட்களுக்கும் நிலம் போனதாமே?"

சொன்னேன். எனக்கு இது நன்றாகச் சொல்ல வரும்.
அகதி விசாரணையில் சொல்லியிருக்கிறேன்,
ஒட்டாவாவில் பனிக்குள் பதாகையோடு நின்று
சொல்லியிருக்கிறேன்.
கேப்பாப்பிலவில் ஆறு ஏக்கர் வயல்.
முள்கம்பி. காவலரண்.
எங்கள் வரம்பில் ஆமிக்காரன் நட்ட பூங்கன்று.
'அவர்கள் ஒரு நாட்டைத் தைத்தார்கள்,
நூலை எங்கள் தோலில் உருவினார்கள்.'
இந்த வசனம் எங்கும் எடுபடும்.
டார்லீன் பேசாமல்
தன் தேத்தண்ணீரில் பாதியை எனக்கு ஊற்றினாள்.

சொல்லாமல் விட்டது:

தண்ணீரூற்றில் எங்கள் வேலிக்கு மறுபக்கம்
மஹ்ரூஃப் நானாவின் வளவு.
தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசி.
பெடியள் வந்து தவணை சொன்னார்கள்.
நானா தையல் மெஷினைத் தூக்கி வந்து
எங்கள் விறாந்தையில் வைத்து
"வந்து எடுக்கிறன் தம்பி" என்றார்.
லொறி போனது. தெருவில் நாய்கள் மட்டும்.
எங்கள் நாட்டுக்கு அது தேவை என்று
யாரோ சொன்னார்கள்.
ஏனென்று நாங்கள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சுட்டிருப்பார்கள் என்பது உண்மை.
கேட்க நினைக்கவில்லை என்பதும்.

அடுத்த முறை வேலி அடைக்கையில்
அப்பா கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டார்.
அதற்கடுத்த முறை நான்கு.
மூன்றாம் வருடம் வேலியே இல்லை.
கச்சான் போட்டோம்.
நானும்தான் பிடுங்கினேன், அவித்துத் தின்றேன்.
ருசியாக இருந்தது.

இரவு மோட்டலில் அண்ணனின் அழைப்பு.
"புத்தளத்தில இருந்து மஹ்ரூஃபின்ர மகன் வந்து நிக்கிறான்.
நஸ்மியாம். உறுதி கிடையாது, எரிஞ்சு போச்சாம்.
எல்லை எதெண்டு அவன் காட்டட்டுமே பாப்பம்.
நீ அங்க நிலம் அளக்கிற ஆள்தானே,
அப்பிடி வேலி ஒண்டும் இருந்ததில்லை எண்டு
ஒரு வரி எழுதி அனுப்பன்."

ஒரு வரி.
மேசையில் துரையின் குறிப்பேடு திறந்து கிடந்தது.

கிணற்றின் வடக்கு விளிம்பிலிருந்து
இருபத்துமூன்று எட்டு. அங்கே ஒரு பூவரசு.
இந்தக் குளிர் அறையில் கண்ணை மூடிக்கொண்டு
நடந்தே காட்டுவேன்.

"பாத்துச் சொல்றன்" என்றேன்.

விடிய மறுபடி சேறு.
முளை அகப்படவில்லை.
அடுப்புக் கல்லிலிருந்து அளக்கலாம் என்கிறாள் டார்லீன்,
குறிப்பேட்டில் இல்லாத கல் அது.
கம்பை நட்டுக்கொண்டு நிற்கிறேன்.
குமிழி நடுவுக்கு வருகிறது, உடனே வழுகுகிறது.
கை நடுங்குகிறதா என்று கத்திக் கேட்கிறாள்.
ஈ, என்கிறேன்.

கருவிக்குள் ஒரு கண்ணை வைத்தபடி
கையை வீசுகிறாள்:
"வடக்கே. இன்னும் கொஞ்சம்.
இன்னும் ஒரு முழம்."